வெந்நீர் விரதம்

தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டது என் கணவர் அல்ல, அவருடைய அக்கா. மிதிக்க வேண்டியவர்தான் என் கணவர்.

நகரத்தில் பாதிப் பேர் மூச்சுக்குத் திண்டாடிய அந்த மாதங்களில் அவர் கட்டிலில் கிடந்தார். அண்ணி ஆக்சிஜன் சிலிண்டருக்காக வரிசையில் நின்றார். கணவரின் அக்காவை எங்கள் வீட்டில் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே அவர் மாரியம்மனோடு பேசி முடித்துவிட்டார்: சிலிண்டர் கிடைத்து, தம்பி எழுந்து உட்கார்ந்தால், தம்பி பூக்குழி இறங்குவான். சிலிண்டர் கிடைத்தது. தம்பி எழுந்து உட்கார்ந்தார். முதல் கரண்டி கஞ்சியை விழுங்கிய பிறகு அவருக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது.

"நீயே இறங்குறேன்னு வேண்டிக்கிட்டிருக்கலாமேக்கா?"

"எனக்குச் சுகர் இருக்குல்லடா. கால்ல புண்ணு வந்தா ஆறாது."

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு அப்போது மூச்சு போதவில்லை. மூச்சு வந்த பிறகும் சொல்லவில்லை.

சில வருஷங்கள் கோயிலில் திருவிழாவே நடக்கவில்லை. நடக்கத் தொடங்கியபோது அவர் நெஞ்சு சரியாக இல்லை. பிறகு நெஞ்சு சரியாகி, சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சம் இல்லாமல் போன ஒரு வருஷம் டாக்டரிடம் போனோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குளிர்காலக் காலையில் பச்சைத் தண்ணீர் தலையில் விழக் கூடாது. விரதத்துக்கோ விடிவதற்கு முன் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும். வெந்நீராக இருந்தால் ஆட்சேபம் இல்லை என்றார் டாக்டர். நெருப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கு, அது நெஞ்சுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குக் கேஸ் ஹீட்டர் வந்தது. நாங்கள் இருப்பது யாங்கோனில், பசுந்தாங் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஆறாவது மாடி. மின்சாரம் முறை வைத்து வருகிறது. முறையையும் சரியாகப் பின்பற்றுவதில்லை. ஆகவே மின்சார ஹீட்டர் வாங்குவது சுவருக்கு அலங்காரம் வாங்குவதுதான். கேஸ் ஹீட்டருக்குச் சமையல் சிலிண்டரும் இரண்டு தடிமனான பேட்டரியும் போதும். பின்பக்க பால்கனியின் சுவரில் அதை மாட்டினார்கள். குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஹீட்டருக்குள் ஓடும். உள்ளே பல்லி கத்துவதுபோல் டிக் டிக் என்று பொறி தட்டும். பிறகு பப் என்று ஒரு சத்தம். சின்னக் கண்ணாடி வழியாக நீல நெருப்பு வரிசை தெரியும். வாங்கிய புதிதில் என் கணவர் குளிப்பதற்காக இல்லாமல் அந்த நெருப்பைப் பார்ப்பதற்காகவே குழாயைத் திறந்தார். பழகிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்புக் கட்டிய அன்று அண்ணி ஒரு பையோடு மேலே வந்தார். ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்பே குளியலறைக்குள் போனார். பையிலிருந்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புது மல் துணியை எடுத்து, மூன்றாக மடித்து, ஷவரின் வாயில் வைத்துச் சரடு சுற்றிக் கட்டினார்.

எங்கள் கட்டடத்துக்கு வருவது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். வாளியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் செம்பழுப்பாக வண்டல் இறங்கும். அதனால் இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறைக் குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். பர்மாக்காரர், சீனர், எங்கள் ஆட்கள் என்று இதில் வேறுபாடு கிடையாது. பழைய சட்டைக் கையைக் கட்டுகிறவர்கள் உண்டு. குழந்தையின் காலுறையைக் கட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். குளிக்கிற குழாய்க்கு மட்டும் யாரும் இந்த மரியாதை செய்வதில்லை.

"விரதக்காரன் தலையில துரு விழக் கூடாது," என்றார் அண்ணி. "அம்மாவ நெனச்சுக் கட்டியிருக்கேன். யாரும் கை வைக்காதீங்க. வெள்ளிக்கு வெள்ளி நானே வந்து மாத்துவேன்."

சொன்ன வாரமே நகரத்துக்கு வெளியே மாவ்பியில் அவருடைய மகளுக்கு இடுப்பு வலி எடுத்தது. அண்ணி பிரசவம் பார்க்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. துணியில் யாரும் கை வைக்கவில்லை.

முதலில் ஹீட்டர் ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு ஒரு நாள் தலைக்குச் சீயக்காய் போட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்தது. மறுநாள் எரிந்து, அணைந்து, எரிந்தது. அதற்கு அடுத்து டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"பேட்டரி," என்றார் கணவர், இடுப்பில் துண்டோடு.

புது பேட்டரி போட்டோம். பல்லி கத்தவில்லை. சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வேறு சிலிண்டர் வரவழைத்தோம். ஆறு மாடி தூக்கி வந்த ஆள், பழைய சிலிண்டரைக் கையில் எடுத்ததும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பர்மியர்கள் மரியாதைக்காரர்கள், ஒன்றும் சொல்லாமல் அந்த நிறைந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். கசிவு இல்லை.

ஹீட்டரோடு வந்த கையேடு சீனத்திலும் தாய் மொழியிலும் இருந்தது. எங்களுக்கு இரண்டும் தெரியாது. நான் முன்பு நிருபராக இருந்த பத்திரிகையிலும் அவை தேவைப்பட்டதில்லை. படங்களைப் பார்த்தோம். ஒரு படத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் குழாய், அதன் மேல் பெருக்கல் குறி.

"குழா ஒழுகக் கூடாதாம்," என்றார் கணவர்.

வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. திருப்தியோடு அடுத்த படத்துக்குப் போனோம்.

இதற்கிடையில் விரதம் நிற்கவில்லை. அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் பெரிய பாத்திரம் ஒன்றுதான். அதில் பல வருஷமாக மீன் குழம்பு கொதித்திருக்கிறது, ஙப்பி என்கிற மீன் விழுதும் வெந்திருக்கிறது. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் மூடியைத் திறந்தால் கடற்கரை வாசம் வரும். விரதக்காரர் தலையில் அதை ஊற்ற முடியாது. புதுப் பாத்திரம் வாங்கலாம் என்றேன். அதிலும் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. வாளியில் மொண்டு ஊற்றினால் அது வெறும் குளியல். விரதக் குளியல் ஓடுகிற தண்ணீரில் இருக்க வேண்டும். இந்த விதியைக் கோயிலில் யாரும் சொன்னதில்லை. அவருடைய அப்பா ரயில்வே லைன் வீட்டில் விரதம் இருந்தபோது தெருக்குழாயின் அடியில் உட்கார்ந்துதான் குளித்தாராம். அந்த வீட்டில் குளியலறை கிடையாது என்பதுதான் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். அதைச் சொன்னால் என் வாக்கு விரதத்தைக் கெடுத்ததாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். பால் காய்ச்சும் பாத்திரத்திலும் தேநீர்க் கெண்டியிலும் வெந்நீர் போடுவேன். அவர் குளியலறைத் தரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான் முக்காலி மேல் ஏறி நின்று, கெண்டியின் மூக்கு வழியாக மேலிருந்து நிதானமாக ஊற்றுவேன். ஓடும் தண்ணீர்.

"வேகமா ஊத்து. அம்மன் அருவி மாதிரி விழணும்."

"கெண்டியில அவ்வளவுதாங்க வரும்."

"நிறுத்தாத, நிறுத்தாத! நிறுத்தினா ஓடுற தண்ணி இல்ல!"

கெண்டியும் பால் பாத்திரமும் தலையின் முன்பாதிக்கே போதும். மிச்சத்துக்கு அவர் குழாயைத் திறந்துகொள்வார். பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். இரண்டாம் மாடியில் பிரியாணிக் கடை பாய் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு அது தொழுகைக்கு எழுப்பும் கடிகாரம் போல ஆகிவிட்டது என்று பாய் படிக்கட்டில் பார்த்தபோது சொன்னார்.

"தம்பி, நெருப்புல நடக்கப் போற ஆளு தண்ணிக்கா இந்தச் சத்தம் போடுறீங்க?"

"நெருப்பு ஒரு நாளுதான் பாய். தண்ணி தெனமும்ல," என்றார் கணவர். சொல்லி முடித்ததும் இருமினார்.

அந்த இருமல்தான் விஷயம். போன தடவை ஒருவர் காய்ச்சலோடு வந்து, குழியின் ஓரத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அதிலிருந்து கோயிலில் தீ மிதிப்பவர்களுக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: காய்ச்சல், இருமல், எது இருந்தாலும் இறங்க விட மாட்டேன், அம்மனே வந்து சிபாரிசு செய்தாலும் சரி. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வண்டியை நிறுத்தி வைக்கத் தயங்காதவர். மாலைப் பூசையில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் வரிசையாக நிற்கும்போது, ஒரு காதைச் சற்று முன்னால் நீட்டியபடி அவர்களுக்குப் பின்னால் நடப்பார்.

அவருடைய காது நெருங்கும்போதெல்லாம் என் கணவர் இருமலை மறைக்க "ஓம் சக்தி!" என்று கத்தினார். மற்றவர்கள் "பராசக்தி!" என்று பதிலுக்குக் கத்தினார்கள். இப்படிச் சில மாலைகள் போயின. பக்தி முற்றிவிட்டது என்று கோயிலில் பேச்சானது. பெரியவர் அவரைத் தோளில் தட்டி, இனிமேல் முதல் வரிசையில் நின்று கோஷம் எழுப்ப வேண்டியது நீங்கள்தான் என்றார். முதல் வரிசை என்றால் பெரியவருக்குப் பக்கத்தில்.

கணவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இறங்க விடலைன்னா அக்கா என்ன ஆவா?" என்றார். "எனக்காக வரிசையில நின்னு வாக்குக் குடுத்தவ."

அதுவரை இந்தத் தீமிதியை அக்காவின் பிடிவாதம் என்றே அவர் பேசி வந்தார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். பக்கத்துச் சந்தில் அடுப்பு, ஹீட்டர் பழுது பார்ப்பவர். முப்பது வயதிருக்கும். நம் ஆள்தான். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வார்; பதிலில் பாதி பர்மியமாக இருக்கும். பால்கனிக்கு வந்து ஹீட்டரை ஒரு தடவை பார்த்தார். தொடவில்லை.

"உள்ள பூச்சி கூடு கட்டியிருக்கு, ஊலே," என்றார். ஊலே என்றால் மாமா. "கடைக்குக் கொண்டு போனாத்தான் சரி வரும்."

ஹீட்டரைக் கழற்றித் தோளில் வைத்து ஆறு மாடியும் இறங்கினார். நாங்களும் போனோம். கடையில் திறந்து பார்த்தார். பூச்சிக் கூடு இல்லை. அதனால் அவர் நம்பிக்கை தளர்ந்துவிடவில்லை. தூரிகையால் தட்டினார், வாயால் ஊதினார், எதையோ திருகினார், மூடினார். கடைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்தார். டிக் டிக். பப். நீல நெருப்பு வரிசை பிடித்து நின்றது. வெந்நீர் கொட்டியது. என் கணவர் இரண்டு கைகளையும் அதில் காட்டிக்கொண்டு நின்றார். எடுக்க மனம் வரவில்லை.

மேலே கொண்டு வந்து மாட்டினோம். ஒன்றும் இல்லை.

மெக்கானிக் சிரித்தார். மறுபடி கழற்றினார், இறங்கினார். கடையில் எரிந்தது. ஏறினார், மாட்டினார். எரியவில்லை. அவர் சிரிப்பு நின்றது. நெற்றியைத் துடைத்தபடி, எங்கள் சமையலறையை, மேசையை, சுவரில் மாட்டியிருந்த மாரியம்மன் படத்தை எல்லாம் பார்த்தார்.

"மிஷின் கவுங் தே, ஊலே. மிஷின்ல ஒண்ணும் இல்ல. ஊட்லதான் கோளாறு."

"வீட்டுல என்ன கோளாறு?"

"அத எப்படி நான் சொல்றது? நான் ஹீட்டர் பாக்குறவன்."

இந்தச் சொல் மாவ்பிக்கு எட்டியது. எட்டச் செய்தது என் கணவர்தான். போனில் அண்ணியின் குரல் பால்கனி வரை கேட்டது. பின்னால் பேரக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"யாரு முட்டை தின்னது?"

"யாரும் தின்னலக்கா."

"போன குடு அவகிட்ட. ஏம்மா, நீ வெளிய எங்கயாச்சும் தின்னுட்டு வீட்டுக்குள்ள வந்தியா?"

"இல்ல அண்ணி."

"மோஹிங்கா?"

மோஹிங்கா மீன் குழம்பு ஊற்றிய சேமியா. யாங்கோனில் வேலைக்குப் போகிறவர்களின் காலை உணவு. விரதம் தொடங்கியதிலிருந்து அந்தக் கடைப் பக்கமே போகவில்லை என்று சொன்னேன். அது உண்மை. வேறு பாதையில் சுற்றிப் போனேன்.

"அப்ப அம்மா சோதிக்கிறா. இருங்க, வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். பகலில், மின்சாரம் இல்லாத நேரத்தில். மாவ்பியிலிருந்து பஸ் ஏறி, தெருமுனையில் இறங்கி, படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஒரு வழியாக வந்து சேர்ந்தார். தம்பியின் நெற்றியில் கையை வைத்தார். நெஞ்சில் வைத்தார். தம்பி இருமலை அடக்கிக்கொண்டு, "ஓம் சக்தி," என்றார் மெதுவாக.

"என்கிட்டயேவாடா?" என்றார் அண்ணி.

பிறகு குளியலறைக்குப் போனார். ஹீட்டரைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் கிடையாது; அவர் வந்தது துணி மாற்ற. நானும் பின்னாலேயே போனேன். ஷவரின் வாயில் மஞ்சளாகக் கட்டிய துணி செங்கல் நிறத்தில், மாட்டுத் தோல் மாதிரி விறைத்துப்போயிருந்தது. அண்ணி முகத்தைச் சுளித்தபடி சரடை அவிழ்த்தார். துணி ஒரு கிண்ணம் போல, உருவம் மாறாமல் கையோடு வந்தது. ஷவரின் வாயைக் கழுவுவதற்காகக் குழாயைத் திறந்தார்.

டிக் டிக். பப்.

பால்கனியில் இருந்து கணவர் ஓடி வந்தார். அண்ணியின் தலையிலும் சேலையிலும் வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆவியின் நடுவே அவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தாயே! எங் கை பட்டதும் வந்துட்டியா!"

"அக்கா, நீ கை வச்சதும் எரியுது பாரேன்!"

அவர்கள் இருவரும் அழுதார்கள். குழாயை மூடினேன். கேஸ் வீணாகிறதே என்பதுதான் எனக்குத் தோன்றியது. அண்ணி பையிலிருந்து புதுத் துணியை எடுத்தார். இந்தத் தடவை அம்மனுக்கு நன்றியாக ஒரு மடிப்புக் கூட்டி மடித்தார். இறுக்கிக் கட்டினார். குழாயைத் திறந்தார்.

தண்ணீர் கசிந்தது. ஹீட்டர் பேசவில்லை.

அண்ணி தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தார். 

"அவுத்துப் பாருங்க அண்ணி," என்றேன்.

அவிழ்த்தார். டிக் டிக், பப். கட்டினார். நின்றது. அவிழ்த்தார். எரிந்தது. ஹீட்டர் தன் வயிற்றில் போதுமான வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் பொறி தட்டும். இல்லாவிட்டால் உள்ளே உருகிவிடும் என்று பயந்து தட்டாது. ஆறாவது மாடியில் தண்ணீர் எப்போதும் தயங்கித்தான் வரும். தொட்டி எங்கள் தலைக்கு நேர் மேலே இருப்பதால் விழுவதற்கு உயரம் போதாது. அதில் துணியும் சேர்ந்து, துணியில் துருவும் சேர்ந்து, நாளுக்கு நாள் கழுத்தை நெரித்திருக்கிறது. வாயு, பேட்டரி, பூச்சி, முட்டை என்று நெருப்பின் பக்கமாகவே எல்லாரும் தேடியிருக்கிறோம். மெக்கானிக் அந்தக் குளியலறையில் நின்று கையைக் கழுவிக்கொண்டுதான் போனார். அவர் வீட்டுக் குழாயிலும் துணி இருக்கும்.

எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அண்ணிக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஈரச் சேலையோடு குளியலறைத் திட்டில் உட்கார்ந்தார். நாலு மடிப்புத் துணி மடியில் கிடந்தது.

"நாந்தான் செஞ்சேனா?"

துணியை விரலால் தடவினார்.

"இத்தன நாளு பச்சத் தண்ணியில... நான் அம்மா பேரச் சொல்லிக் கட்டின துணியாலயா?"

"துணியில ஒண்ணும் தப்பில்லக்கா," என்றார் கணவர். "தண்ணியிலதான் தப்பு."

"அப்ப அவுத்துட்டு வெறுங்குழாயில குளிக்கிறியா? துரு தலையில விழுமே. விரதத்துல நான் கட்டினத நானே அவுக்கறதா?"

இங்கேதான் பேச்சு சிக்கிக்கொண்டது. துணி இருந்தால் வெந்நீர் இல்லை. வெந்நீர் இல்லாவிட்டால் இருமல். இருமல் இருந்தால் பூக்குழி இல்லை. துணியை எடுத்தால், வரிசையில் நின்று பேசிய பேச்சிலிருந்து முதலில் பின்வாங்குபவர் அண்ணியாக இருப்பார். அவர் துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார். என் கணவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. இந்தத் தடவை அதன் மேல் எந்தக் கோஷத்தையும் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இருமி முடிக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த இருமல் முடிவதற்குள் அண்ணி எழுந்துவிட்டார்.

அப்போது தெருவில் "மீ லாபீ!" என்று கூச்சல் எழுந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நகரத்தில் அதை யாரும் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. மாடிக்கு மாடி, சந்துக்குச் சந்து கத்திச் சொல்வார்கள். அடுத்த நொடி கட்டடத்தின் அடியில் மோட்டார் உறுமியது.

"மொட்ட மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏறுதுல்ல?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"எந்தக் குழாவுல விழுது?"

"மேல வந்து விழுற பெரிய குழா. எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான்."

"தலையணை உறை ஒண்ணு குடு. பெருசா. மீன் படாதது."

தலையணை உறையில் மீன் பட வாய்ப்பில்லை என்றாலும் முகர்ந்து பார்த்துத்தான் கொடுத்தேன். மஞ்சள் துணியை அதன் உள்ளே வைத்து நாலு தையல் போட்டார். இரும்பு ஏணியில் மொட்டை மாடிக்கு ஏறினார். அவர் வயதையும் சுகரையும் சொல்லித் தடுக்கப் பார்த்தோம். ஏணியின் பாதியிலிருந்து, "தீ மிதிக்கிறவன் கீழ நில்லு, நான் ஏணி மிதிக்கிறேன்," என்றார். நான் அவர் காலுக்குக் கீழே ஒவ்வொரு படியாகக் கையை வைத்துக்கொண்டு ஏறினேன்.

தொட்டியின் மூடியைத் தள்ளினோம். பெரிய குழாயிலிருந்து துருத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. உறையை அதன் வாயில் மாட்டிக் கயிறு சுற்றினார். உறை நிறைந்து, உப்பி, ஒரு பெரிய பலாப்பழம் போலத் தொங்கியது. அதன் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெளிந்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது. துணி அவிழ்க்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. அண்ணி தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதன் பிறகு ஷவரை வெறும் வாயோடு திறந்தோம். டிக் டிக், பப். தொட்டியின் அடியில் கிடந்த பழைய துரு கொஞ்சம் வந்து போய்விட்டு, தண்ணீர் தெளிந்தது.

இதனால் கட்டடம் முழுவதும் விரதத்துக்குள் வந்துவிட்டது. நாலாவது மாடி பர்மியப் பெண்மணி, வெள்ளைத் துணி இப்போதுதான் வெள்ளையாக வெளுக்கிறது என்று எங்களுக்கு வாழைப்பழம் கொண்டு வந்து கொடுத்தார். பாய் அண்ணியைப் படிக்கட்டில் மடக்கினார்.

"என்னக்கா, எங்களையும் விரதத்துல சேத்துட்டீங்களாமே? ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"குளிக்கிறதுக்கு மட்டுந்தான் பாய். பிரியாணிய நிறுத்தச் சொல்லல."

"அதுக்கும் இந்தத் தண்ணிதானேக்கா!"

அண்ணி அதை யோசித்திருக்கவில்லை. மாரியம்மன் துணியில் வடிகட்டிய தண்ணீரில் ஆட்டுக்கறி வேகிறது என்பது அவரை இரண்டு நாள் வாட்டியது. பிறகு அம்மன் கோயிலிலும் கிடா வெட்டுகிற வழக்கம் உண்டு என்று நினைவு வந்து சமாதானமானார். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஏணி ஏறி உறையை மாற்றினார். பிரசவித்த மகளை மாவ்பியில் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வெந்நீரில் இருமல் மெல்ல மெல்ல இறங்கியது. பூக்குழிக்கு முந்தின மாலை பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முதுகில் காதை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். என் கணவரின் முதுகில் மற்றவர்களைவிட அதிக நேரம் காதை வைத்திருந்தார். கோஷமே போடாமல் என் கணவர் மூச்சை இழுத்து விட்டார்.

"என்னப்பா, கொஞ்ச நாளா சத்தத்தையே காணோம்? பக்தி கொறஞ்சிருச்சா?"

"உள்ளயே வச்சிருக்கேன் மாமா."

"வெளிய வராம இருந்தாச் சரி," என்றார் பெரியவர். காதைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

மறுநாள் கோயில் முற்றத்தில் நானும் அண்ணியும் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். வெக்கை முகத்தில் அடித்தது. மேளம் வேகம் எடுத்தது. தலையில் கரகத்தோடு பூசாரி முதலில் இறங்கினார். மஞ்சள் வேட்டிகள் வரிசையாகப் பின்னால் வந்தன. என் கணவர் குழியின் விளிம்புக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. 

என் கணவர் அக்கரையில் பால் குழியில் கால் வைத்து, கூட்டத்துக்குள் போய், ஒருவர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கத் தொடங்கியும் அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

"போயிட்டானா?" என்றார்.

"போயிட்டார் அண்ணி. நல்லா இருக்கார்."

கண்ணைத் திறந்தார். தம்பியைத் தேடிக் கண்டுபிடித்தார். நேரே அவரிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"எப்படிப் போனான்? நீதான் பேப்பர்ல இருந்தவளாச்சே. பாத்தத அப்படியே சொல்லு."

சொன்னேன். நேராகப் போனார். ஓடவில்லை. நடுவில் ஒரு தடவை கால் சற்றுப் பக்கவாட்டில் விழுந்தது, நிமிர்ந்துகொண்டார். கை கூப்பியபடியே இருந்தது. கீழே பார்க்கவில்லை. இருமவில்லை.

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ வரும் என்று என் வாயைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி."

"இத்தன வருஷம் கழிச்சு நிறைவேத்தியிருக்கேன்டி. ரெண்டு வார்த்த கூடப் போட்டுத்தான் சொல்லேன்."

கண் இமைக்காமல் பார்த்தவள் நான். கூடப் போட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கை என் கையை இன்னும் விடவில்லை.

"யாரோ கையப் புடிச்சு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போன மாதிரி இருந்துச்சு அண்ணி," என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார் அண்ணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் பாதத்தைப் பார்ப்பதற்காகக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.